கடலை அளந்த ஒலி, கருப்பையைக் காட்டும் ஒலி

காசிமேட்டு விசைப்படகுகளில் ஒரு சிறு கருவியைக் காணலாம். அது கடலடிக்கு ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் நீரின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும். அதே ஒலிதான் தாய்மாரின் அடிவயிற்று நோய்களையும் மருத்துவருக்குக் காட்டுகிறது.

கிளாஸ்கோ நகர மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955-இல் அறுவையில் அகற்றிய கட்டிகளைக் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றிற்கு எடுத்துச் சென்றார். இரும்பிலுள்ள விரிசலை ஒலியால் கண்டறியும் கருவியை அங்கே அக்கட்டிகள்மீது வைத்துச் சோதித்தார். பின்னர், தீராத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண்ணொருத்திக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டியே என இம்முறை காட்டியது. கட்டி அகற்றப்பட்டது, அவள் பிழைத்தாள். 1958-இல் இவ்வாய்வு உலகறிய வெளியாயிற்று.

நம் செவிக்கு எட்டாத இவ்வொலி, நொடிக்குச் சுமார் 35 இலட்சம் முறை அதிர்வது. நீரை எளிதில் ஊடுருவும், காற்றையோ கடவாது. கருப்பைக்கு முன்னே காற்று நிறைந்த குடல் கிடந்தால் படம் மங்கிவிடும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை மேலே ஒதுக்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் காண ஒரு சாளரமாகிறது. வயிற்றில் பூசும் பசையும் இடையிலுள்ள காற்றை அகற்றவே.

எண்ணூரிலிருந்து பேருந்தில் வரும் சகோதரியர், வழியில் கழிப்பிடம் கிடைக்காதென அஞ்சி நீர் அருந்தாமலே புறப்படுகின்றனர். பின்பு மருத்துவமனையில் நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது. சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக நான்கைந்து குவளை நீர் பருகி அடக்கியிருத்தல் பொதுவான முறை. அளவுக்கு மீறி நிறைந்தாலும் உறுப்புகள் நசுங்கித் தோன்றும். இருதய, சிறுநீரக நோயாளர் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும். மணமானவர்க்குச் சில வேளை உட்புறமாகச் செய்யும் சோதனை இன்னும் தெளிவு தரும். அதற்குச் சிறுநீர்ப்பை வெறுமையாக இருத்தல் வேண்டும். எச்சோதனை என்பதை முன்னரே கேட்டறிதல் நலம்.

மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு, ஓயாத அடிவயிற்று வலி, வயிற்று வீக்கம் ஆகியவற்றை நாணத்தால் மறைக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை நம் இராயபுரத்திலேயே உள்ளது. கணவன்மாரே, மனைவியைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள்.

ஒரு சொல் மாமியார்களுக்கும்: பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று கேட்பதையும் சொல்வதையும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கருவின் உயிரையும் நலத்தையும் காக்கும் நோக்குடைய சோதனை முறையானதே என்றும், கருவை அழிக்கும் எண்ணத்தோடு செய்வது பெருந்தீமை என்றும் 1987-இல் திருச்சபை 'தோனும் வீத்தே' ஏட்டில் தெளிவாக்கியது. இயன் டொனால்டும் கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்தவரே.

ஆண்டவர் அருளிய அறிவு உயிரைக் காக்கவே பயன்படுக!