துண்டு வெட்டியதோடு வருத்தம் முடிவதில்லை

மாரடைப்பு வந்து, ஊசி ஏற்றி, உயிர் தப்பி வீட்டுக்குப் போனவர்கள் எங்களிடம் இரண்டாம் முறை வரும்போது பெரும்பாலும் படுத்தபடிதான் வருகிறார்கள். கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தால், கடைசியாக மருந்து எடுத்த திகதிக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. முள்ளிவாய்க்கால், வலைஞர்மடம், இரட்டைவாய்க்கால் என்று ஊர் மாறினாலும் கதை மாறுவதில்லை.

அண்மையில் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். நந்திக்கடலில் வீச்சுவலை எறிகிறவர். முதல் மாரடைப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மனைவி கொண்டுவந்த சொப்பிங் பையை மேசையில் கொட்டினார். அஸ்பிரின் பை மட்டும் காலி. கொலஸ்திரோல் குளிசை இருந்த பேப்பர் பைகளில் அடித்த பின்கூடக் கழற்றப்படவில்லை. “நெஞ்சுநோ இல்லைத்தானே டொக்டர், பிறகேன் இவ்வளவு குளிசை எண்டு விட்டிட்டார்” என்றார் மனைவி. இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தப் பின்கள்தான்.

வீட்டுக்குப் போனபின் நடப்பது

வார்ட்டில் துண்டு வெட்டியதும் ஆபத்து முடிந்தது என்று குடும்பம் நினைக்கிறது. சுவீடனில் 2006 முதல் 2011 வரை மாரடைப்போடு வைத்தியசாலைக்கு வந்த 97,000-க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருடத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மறுபடி மாரடைப்பு அல்லது பாரிசவாதத்துக்கு ஆளானார், அல்லது இருதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தார். அந்த வருடத்தைச் சுகமாகக் கடந்தவர்களிலும், அடுத்த மூன்று வருடங்களில் மீண்டும் ஐந்தில் ஒருவருக்கு அதே கதி. மருந்துக்கும் அம்புலன்சுக்கும் குறைவில்லாத நாட்டின் கணக்கு இது. மருந்தைப் பாதியில் விடுகிறவர்களின் கணக்கு எப்படியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இறந்துபோன இருதயத் தசை மறுபடி முளைக்காது. மிச்சமுள்ள தசை கூடுதல் வேலை செய்து களைத்து, காலப்போக்கில் பெருத்துத் தளர்கிறது. படுத்தால் மூச்சு முட்டுவதும், பின்னேரத்தில் கால் வீங்குவதும், கிணற்றடிக்குப் போய்வரவே இளைப்பதும் அதனால்தான். இதைப் பெரும்பாலும் தள்ளிப்போடலாம். தள்ளிப்போடுவது நீங்கள் தூக்கி மூலையில் வைத்த அந்தக் குளிசைகள்தான்.

எங்கள் ஊருக்கு ஏன் கூடுதல் கவனம்

52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏனையோரைவிட ஐந்தாறு வருடம் முந்தி வருவதைக் காட்டியது. எங்கள் மண்ணுக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று பட்டினி. 1941–44-இல் லெனின்கிராட் முற்றுகைக்குள் பட்டினி கிடந்தவர்களைப் பல வருடங்களின் பின் ஆராய்ந்தார்கள். பருவமடையும் வயதை ஒட்டி அந்தப் பட்டினியை அனுபவித்த ஆண்களிடம் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் இருதய நோய் மரணமும் கூடியிருந்தன. 2009 இறுதிப் போரில் உப்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இன்று முப்பதை நெருங்குகிறார்கள். மே மாதத்தில் கஞ்சி காய்ச்சி நினைவுகூருகிறோம். அப்படியே அந்தப் பிள்ளைகளுக்கு ஒருமுறை பிறஷரும் பார்த்துவிடுங்கள்.

மற்றது கால் இழப்பு. இரண்டாம் உலகப் போரில் முழங்காலுக்கு மேல் காலை இழந்த அமெரிக்கச் சிப்பாய்கள், பிற்காலத்தில் இருதய நோயால் கூடுதலாக இறந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மாரடைப்பு வந்த ஒருவரிடம் “தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கோ” என்று சொல்லிவிட்டு, அவர் ஊன்றுகோலோடு வந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது எங்கள் தவறு. அவருக்குக் கதிரையில் இருந்தபடி கைக்குச் செய்யும் பயிற்சி உண்டு. கேட்டால் பிசியோதெரப்பியில் காட்டித் தருவார்கள்.

நான் கேட்டுக் கேட்டுக் களைத்த கதைகள்

“நோ மாறிட்டுது, இனி மருந்து வேண்டாம்.”
இந்தக் குளிசைகள் நோவுக்குத் தந்தவை அல்ல, அடுத்த அடைப்பு வராமல் தடுப்பதற்குத் தந்தவை. 1994-இல் வெளியான ஸ்கந்திநேவிய ஆய்வில், ஏற்கெனவே இருதய நோய் இருந்த 4,444 பேரில் பாதிப்பேர் கொலஸ்திரோல் குளிசை எடுத்தார்கள். ஐந்து வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் அவர்களிடம் மரணம் 30 வீதம் குறைந்தது. நோ இருந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“ஸ்ரென்ற் வைச்சாச்சு, அடைப்புப் போட்டுது.”
ஸ்ரென்ற் ஓர் இடத்தைத்தான் திறந்து வைக்கிறது. மற்றக் குழாய்களுக்கு அது பொறுப்பில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு குளிசைகளையும் சொன்ன காலத்துக்கு முன் நிறுத்தினால், வைத்த ஸ்ரென்றே அடைத்துக்கொள்ளும். பல்லுப் பிடுங்கப் போகிறோம் என்று தாங்களாகவே இரண்டையும் நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பல் வைத்தியரிடம் கொப்பியைக் காட்டுங்கள், முடிவை அவரும் நாங்களும் எடுக்கிறோம்.

“இங்கிலீஷ் மருந்து ஈரலை அடிச்சுப் போடும்.”
கொலஸ்திரோல் குளிசையால் ஈரலுக்குப் பெரிய கேடு வருவது மிக அரிது. உபாதை தருகிறது என்று சொல்லி நிறுத்தியவர்களுக்கு இங்கிலாந்தில் மாறி மாறி உண்மைக் குளிசையும் வெறும் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். குளிசையால் வந்ததென்று அவர்கள் சொன்ன உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் குளிசையிலும் வந்தது. உண்மையிலேயே ஒத்துவராவிட்டால் அளவைக் குறைக்கலாம், வேறு குளிசைக்கு மாற்றலாம். அதற்குப் பதிலாக மருதம்பட்டைக் கசாயமும் பச்சை உள்ளியும் என்று போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளியைக் கறிக்குப் போடுங்கள், நல்லது. அதைக் குளிசைக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

“அது காஸ்தான்.”
நடுச்சாமத்தில் நெஞ்சு அடைக்கிறது. ஓமத் தண்ணீர், பிறகு சோடா, பிறகு இஞ்சிப் பிளேன்ரீ, பிறகு பக்கத்து வீட்டு அக்கா தந்த காஸ் குளிசை. விடிந்த பிறகுதான் ஓட்டோ பிடிக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் ஓரிரு மணித்தியாலத்தில் செய்யும் வேலையை விடியப்புறம் செய்யாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஒருவருக்கு நெஞ்சில் வரும் எந்த அசௌகரியமும், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கும்வரை காஸ் இல்லை. சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் நோவே வராமல் வியர்வை, சத்தி, களைப்பு, தாடை உளைவு என்றும் வரலாம். குடும்பத்தைத் தனியே சுமக்கும் அம்மாமார் இங்கே அதிகம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கோழிக்குத் தீனி போட்டு, எல்லாம் முடித்துத்தான் வருகிறார்கள்.

“உள்ளுக்குக் கிடக்கிற பீஸ் குத்துது.”
வேறு ஊர் வைத்தியர் இதைக் கேட்டிருக்கமாட்டார். 2009-இல் பட்ட செல் துண்டு நெஞ்சுக்குள்ளோ தோளிலோ இருப்பவர்கள், நெஞ்சில் எந்த நோ வந்தாலும் பழியை அதன்மேல் போட்டுவிடுகிறார்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்த இரும்பு, படியேறும்போது மட்டும் குத்தி, இருந்தால் மாறுமா? நடந்தால் வந்து நின்றால் போகும் இறுக்கம் இருதயத்தின் நோ. பீஸ் இருப்பதை எங்களுக்கும் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அது தெரியவேண்டும்.

“நான் பத்திறேல்லை, வெத்திலைதான்.”
புகையிலை சப்புவதும் மாரடைப்புக்கான வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது என்று அதே இன்டர்ஹார்ட் ஆய்வு சொல்கிறது. பத்துகிறவர்களுக்கோ நல்ல செய்தி உண்டு. மாரடைப்புக்குப் பிறகு சிகரெட்டை, பீடியை, சுருட்டை அடியோடு விட்டவர்களிடம் மரணம் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. ஒரு சதமும் செலவில்லாத மருந்து அது.

“இனி எழும்பவே கூடாது.”
அன்பினால் செய்யும் கெடுதல் இது. அப்பாவைக் கட்டிலில் கிடத்தி, சோறும் தேத்தண்ணியும் அங்கேயே கொடுத்து, மாதக்கணக்கில் நோயாளியாக்கிவிடுகிறோம். சிக்கல் இல்லாதவர் முதலில் முற்றத்தில் நடக்கலாம், பிறகு படலை வரை, பிறகு ஒழுங்கை முடியும்வரை. எப்போது வள்ளம் ஏறலாம், எப்போது பாரம் தூக்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படும் தாம்பத்தியக் கேள்வியையும் கேளுங்கள்.

“விரதம், குளிசை எடுக்கேல்லை.”
கந்தசஷ்டி ஆறு நாளும், வற்றாப்பளைப் பொங்கல் கிழமையும் எங்களுக்குப் பயமான நாட்கள். ஒருமிடறு தண்ணீரோடு குளிசையை விழுங்கினால் எந்த அம்மனும் கோபிக்கமாட்டா. விரதம் பிடிப்பதானால் முன்கூட்டியே வந்து நேரத்தை மாற்றிக் கேளுங்கள்.

பாமசியில் கேட்டு வாங்கும் குளிசைகள்

வலை இழுத்து நாரி உளைகிறது என்று டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிறீர்கள். டென்மார்க்கில் மாரடைப்பு வந்த 83,000-க்கு மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது, இந்த வகை நோக்குளிசை, அதிலும் டைக்ளோபினாக், முதல் கிழமையிலேயே மறுபடி மாரடைப்பும் மரணமும் வரும் ஆபத்தைக் கூட்டியது. பரசிற்றமோல் போதும். போதாவிட்டால் எங்களிடம் வாருங்கள்.

காஸுக்கென்று எல்லா வீட்டிலும் இருக்கும் ஒமிப்பிரசோல், இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கக்கூடியது. அதற்கு வேறு குளிசை தரலாம்.

நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையைச் சேலைத் தலைப்பில் முடிந்தும், பேர்சில் மடித்தும் வைத்திருக்கிறீர்கள். அது தந்த கறுத்தப் போத்தலுக்குள்ளேயே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வீரியம் போய்விடும். இருந்தபடி ஒன்றை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நோ குறையாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். “ஆண்மைக் குளிசை” எடுத்தவர் அதோடு இதை வைத்தால் பிறஷர் விழுந்து உயிர் போகலாம்.

பரிசோதனைகள்

ஈ.சி.ஜி., எக்கோ, கொலஸ்திரோல், சீனி, சிறுநீரக இரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் அஞ்சியோகிராமுக்கு யாழ்ப்பாணம்.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்

நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, மயக்கம், வாய் கோணுதல், கை கால் விறைத்தல் என்றால் அந்த நிமிடமே 1990. 2018-இலிருந்து வடக்கிலும் ஓடும் இலவச அம்புலன்ஸ் அது. மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ நிறை கூடினாலோ, தலையணையை அடுக்கினால்தான் நித்திரை வருகிறதென்றாலோ, அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

மனம் சோர்ந்தால்

மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வில் விழுந்தவர்கள் விரைவில் இறக்கும் வாய்ப்புக் கூட என்பதை 1993-இலேயே கனடாவில் காட்டிவிட்டார்கள். எங்கள் சனத்திடம் அந்தச் சோர்வு மாரடைப்புக்கு முந்தியே இருக்கிறது. “எல்லாரும் போன இடத்தில நான் மட்டும் இருந்தென்ன” என்று சொல்லிக் குளிசையை ஒதுக்குகிறவருக்குக் கொலஸ்திரோலைப் பற்றிப் பாடம் எடுத்துப் பயனில்லை. வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் அதைப் பேச்சோடு பேச்சாக விடாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறோம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து தட்டுப்பாடானபோது ஒருநாள் விட்டு ஒருநாள் குளிசை எடுத்துப் பழகியவர்கள் இன்றும் அப்படியே எடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விடுங்கள். அரச கிளினிக்கில் மருந்து இலவசம். வெளியே வாங்கச் சொல்லிக் காசில்லாவிட்டால், வாங்காமல் பேசாமல் இருக்காதீர்கள், சொல்லுங்கள், மாற்று எழுதலாம். மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போய்வரத் தூரமென்றால் கிட்டவுள்ள வைத்தியசாலைக்கு மாற்றிக் கேளுங்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாமாக ஒரு தேக்கரண்டி உப்புப் போதும். பேரப்பிள்ளை ஒன்றிடம் குளிசைப் பொறுப்பைக் கொடுங்கள், அதுகள் மறக்காதுகள்.

விட்டுப்போய் மாதக்கணக்காகிவிட்டது, இப்போது போனால் ஏச்சு விழும் என்று நினைத்து வராமல் இருக்கிறவர்கள்தான் எனக்குக் கூடுதல் கவலை. கொப்பி தொலைந்திருந்தாலும் வாருங்கள். சுருட்டை விடாமல் இருந்தாலும் வாருங்கள். நான் ஏசுவேன்தான், அது என் குணம். ஏசிக்கொண்டே குளிசையும் எழுதித் தருவேன்.