வண்டிக்கு ஜி.பி.எஸ். மாட்டப் போறீங்களா? விலையை மட்டும் பார்த்தால் வினை!

ஆவடி:

ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் பகுதிகளில் கம்பெனி வேன், லோடு வண்டி, கால் டாக்சி வைத்திருப்பவர்கள் ஜி.பி.எஸ். கருவி வாங்கும்போது முதலில் கேட்பது விலையைத்தான். "வண்டி எங்க நிக்குதுன்னு செல்போன்ல தெரிஞ்சா போதும்" என்பது பலரது கணக்கு.

ஆனால் அந்த சின்ன பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. சில பெட்டிகளில் என்ஜினை நிறுத்தும் ரிலேயும் சேர்த்து வயரிங் செய்யப்படுகிறது. வண்டி திருடு போனால் ஓனர் செல்போனில் இருந்தே நிறுத்தி விடலாம். நல்ல வசதிதான். அதே வசதி வேறு ஆள் கையில் சிக்கினால்?

அப்படியும் நடந்திருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

123456

2019-ம் ஆண்டு ஐடிராக், புரோடிராக் என்ற 2 ஜி.பி.எஸ். செயலிகளில் சுமார் 27 ஆயிரம் கணக்குகளுக்குள் ஒரு ஹேக்கர் புகுந்தார். இந்தியா, தென்ஆப்பிரிக்கா உள்பட பல நாட்டு வண்டிகள் இதில் சிக்கின. 20 கிலோ மீட்டர் வேகத்துக்குள் செல்லும் சில வண்டிகளின் என்ஜினை தன்னால் நிறுத்த முடியும் என்றார் அவர். பெரிய வித்தை எதுவும் இல்லை. கருவியோடு வந்த 123456 என்ற பாஸ்வேர்டை பலர் மாற்றவே இல்லை.

2022 ஜூலையில் மைக்கோடஸ் கம்பெனியின் எம்.வி.720 கருவியில் ஓட்டைகள் இருப்பதாக அமெரிக்க அரசு எச்சரித்தது. விலை சுமார் 20 டாலர்தான். சில எஸ்.எம்.எஸ். கட்டளைகளுக்கு பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. ஆய்வாளர்கள் முன்கூட்டியே தகவல் கொடுத்தும், எச்சரிக்கை வெளியான நாள்வரை கம்பெனி சரிசெய்யவில்லை.

கார் கம்பெனிகள் உஷார்

2015-ல் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் காரை 2 ஆய்வாளர்கள் இன்டர்நெட் வழியாக நிறுத்திக் காட்டினர். 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பெரிய நிறுவனங்கள் உஷாராயின. டவர்செக் நிறுவனத்தை 2016-ல் ஹர்மனும், ஆர்கஸ் நிறுவனத்தை 2017-ல் கான்டினென்டலும் வாங்கின. இரண்டுமே வாகன சைபர் பாதுகாப்பு நிறுவனங்கள். ஆனால் கடையில் வாங்கி நாமே மாட்டும் பெட்டிக்கு அந்த காவல் வராது. விற்பவரை நாம்தான் எடை போட வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

2, 3 கடைகளில் இதே கேள்விகளை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

* ஒவ்வொரு பெட்டிக்கும் தனி பாஸ்வேர்டா, எல்லாவற்றுக்கும் ஒன்றேயா? மாற்ற முடியுமா?

* ஓனர் பதிவு செய்த நம்பரில் இருந்து மட்டும்தான் கட்டளை ஏற்குமா?

* என்ஜினை நிறுத்தும் அதிகாரம் ஓனருக்கு மட்டுமா, டீலருக்கும் உண்டா?

* ஓட்டை தெரிந்தால் சாப்ட்வேரை புதுப்பித்து தருவார்களா? எத்தனை வருஷத்துக்கு?

* ஏ.ஐ.எஸ்.140 சான்று உண்டா? 2019 ஜனவரி முதல் பதிவாகும் டாக்சி, பஸ்களுக்கு மத்திய அரசு வைத்த தரம் இது. வண்டி பேட்டரி வயரை அறுத்தாலும் உள்பேட்டரியால் தகவல் போகும். அவசர பொத்தானும் உண்டு.

பதில் சொல்லாமல் மழுப்பினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

வாங்கிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். டிரைவர் வேலையை விட்டுப் போனாலும் மாற்றுங்கள். பழைய வண்டி வாங்கினால் முந்தைய ஓனரின் கணக்கை நீக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் 1930 எண்ணிலோ, ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலக சைபர் கிரைம் பிரிவிலோ புகார் தரலாம்.

டியூ கட்டி வாங்கிய வண்டி. சாவி நம்ம பாக்கெட்டில் இருந்தால் போதாது. பாஸ்வேர்டும் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.