லிடிட்சே என்னும் சிற்றூர்

செக் நாட்டுத் தலைநகராகிய பிராக்கிற்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஓடையொன்று பாயும் சிறு பள்ளத்தாக்கில் அமைந்திருந்தது லிடிட்சே. அருகிலுள்ள கிளாட்னோ நகரின் சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் உழைத்தோர் பலர் இங்கு வாழ்ந்தனர்.

நாசித் தலைவர்களுள் ஒருவனான ஹெய்ட்ரிக் கொல்லப்பட்டமைக்குப் பழிதீர்க்க, 1942 ஜூன் 10ஆம் நாள் இவ்வூரின் ஆடவர் 173 பேரைச் சுட்டுக் கொன்றனர். அக்கொலையில் இவ்வூருக்குப் பங்கேதும் இருக்கவில்லை. பெண்கள் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். குழந்தைகளுள் 82 பேர் நச்சுவாயுவுக்கு இரையாயினர். வீடுகளும் தேவாலயமும் தகர்க்கப்பட்டன, கல்லறைகளும் தோண்டப்பட்டன. ஓடையின் போக்கையும் மாற்றினர். நிலத்தின் நினைவுக்கும் அஞ்சினர் போலும்!

போரின் பின்னர், அண்மையிலேயே அதே பெயரில் புதிய ஊர் எழுந்தது. பழைய நிலத்தில் எவரும் வீடு கட்டவில்லை. அப்புல்வெளியில் இன்று 42 சிறுமியரும் 40 சிறுவரும் வெண்கலச் சிலைகளாய் நிற்கின்றனர்.