வெள்ளைக் கொக்கும் கமராவின் கணக்கும்

இறக்கக்கண்டிப் பாலத்தில் நின்று களப்புக் கொக்கைப் படமெடுக்காதவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. ஆனால் பல படங்களில் கொக்கின் வடிவில் ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் இருக்கும். இறகு தெரியாது, கண் தெரியாது. "கமரா சரியில்லை" என்பார்கள். கமரா தனக்குத் தெரிந்த கணக்கைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

எந்தக் காட்சியையும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கமராவின் ஒளிமானி எடுத்துக்கொள்ளும். கண்டல் நிழல் விழுந்த நீரில் சிறிதாய் ஒரு கொக்கு நின்றால், படத்தின் பெரும்பகுதி இருட்டு. "வெளிச்சம் போதாது" என்று கமரா ஒளியைக் கூட்டும். ஏற்கெனவே வெண்மையான கொக்கு அதில் எரிந்துபோகும். அப்படி எரிந்த இடத்தில் எந்த விபரமும் பதிவாகாது. பிறகு கணினியில் இருட்டாக்கினாலும் இறகு திரும்பி வராது.

இதனால் இழப்பது அழகை மட்டுமல்ல. நாம் பொதுவாகக் கொக்கு என்று சொல்வதில் பல இனங்கள் உண்டு. சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மஞ்சள். பெரிய கொக்கின் அலகு பெரும்பாலும் மஞ்சள், ஆனால் இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். எனவே நிறத்தை மட்டும் நம்ப முடியாது. அதன் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். முகம் வெளிறிய படத்தில் இந்தக் கோட்டை எங்கே தேடுவது? ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அப்படியான வேலைக்கு உதவும் படத்தில் இனம் தெரியவேண்டும்.

சரிசெய்வது எளிது. கமராவில் கூட்டல், கழித்தல் அடையாளமுள்ள பட்டனை அழுத்தி ஒளியை மைனஸ் 1 ஆக்குங்கள். எரிந்த இடங்கள் திரையில் மின்னிக் காட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுவையுங்கள். கைபேசியில் கொக்கின் மேல் விரலால் தட்டினால் பக்கத்தில் ஒரு சூரியக்குறி வரும். அதைக் கீழே இழுத்தால் போதும். வானத்தின் முன்னால் கம்பத்தில் இருக்கும் நீர்க்காகத்துக்கு இதற்கு நேர்மாறு, பிளஸ் 1.

கொக்கு பறக்கும்போதுதான் சிக்கல். இருண்ட கண்டலிலிருந்து கிளம்பி வெளிச்சமான வானத்துக்குப் போகையில் பின்னணி மாறுகிறது, கமராவும் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் கொக்கின் மேல் விழும் வெயில் மாறவில்லையே! அதனால் நான் மனுவலுக்குப் போய் மூன்றையும் பூட்டிவிடுவேன். தெளிந்த வானத்தில் காலை எட்டு மணி வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 400, துளை எப் 8, ஷட்டர் 1/1600 என்று தொடங்கி, ஒரு படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நிற்கும் கொக்குக்கு 1/500 போதும். மீனுக்காகப் பாயும் ஆலாவுக்கு 1/2000க்குக் குறையக்கூடாது. மாரிகால மப்பில் ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை கூட்டத் தயங்கவேண்டாம். படத்தில் மணல்மணலாய்ப் புள்ளி விழுந்தாலும் இனத்தை அடையாளம் காணலாம், அசைந்து மங்கிய படத்தில் அது நடக்காது. ஃபோகஸ் எப்போதும் கண்ணில்.

நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. கடல் கிழக்கே, களப்பு மேற்கே. காலையில் பாலத்தில் நின்று களப்பைப் பார்த்தால் சூரியன் நம் முதுகுப் பக்கம், பறவையின் முகத்தில் ஒளி. அஸருக்குப் பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்குப் பெரிய கமரா வாங்கவேண்டுமா என்று கேட்கும் உம்மா, வாப்பாமாருக்கு: 300 மில்லிமீற்றர் லென்ஸ் உள்ள பழைய கமராவே தாராளம். கிட்டப் போய் எடுக்க மட்டும் விடாதீர்கள். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை இங்கே தங்கும் வலசைப் பறவைகள் திரும்பிப் பறப்பதற்காகச் சேர்க்கும் கொழுப்பை, நமக்குப் பயந்து எழும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செலவழிக்கின்றன. பறவை மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்திப் பார்த்தால் அந்த இடத்திலேயே நின்றுகொள்ளவேண்டும்.