யார் சீனியர்? ஆகாயத்தில் ஓயாத கணக்கு

விமான நிறுவனங்கள் இணைகின்றன, சில மூடப்படுகின்றன. பணிப்பெண்களும் பணியாளர்களும் சேர்த்துவைத்த சர்வீஸ் ஆண்டுகள் என்ன ஆகின்றன? பெங்களூர் அனுபவம் கசப்பானது.

2024 மே 7 இரவு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்களில் ஏறவேண்டிய கேபின் ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக உடம்பு சரியில்லை என்று தகவல் அனுப்பினார்கள். மறுநாள் கொச்சி, கோழிக்கோடு, பெங்களூர் என்று பல விமான நிலையங்களில் பயணிகள் பெட்டியும் கையுமாகத் தவித்தனர். அடுத்த சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. நிர்வாகம் சுமார் 25 பேரை வேலையை விட்டு நீக்கியது. மே 9 அன்று டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்பு பேச்சு நடந்தது. நீக்க உத்தரவு வாபஸாயிற்று, ஊழியர்கள் வேலைக்குத் திரும்பினர்.

இந்தத் திடீர்க் காய்ச்சலுக்குக் காரணம் வேறு. அப்போது இந்த நிறுவனமும், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏஐஎக்ஸ் கனெக்ட் நிறுவனமும் (பழைய ஏர் ஏஷியா இந்தியா) இணைந்துகொண்டிருந்தன. இணைப்பில் எல்லோரும் சமமாக நடத்தப்படவில்லை என்பது ஊழியர் சங்கத்தின் புகார். உயர் பொறுப்புக்கான நேர்முகத்தில் தேறியவர்களுக்கே கீழ்ப் பொறுப்பு தரப்பட்டது என்றது சங்கம். 2024 அக்டோபர் 1 அன்று இணைப்பு முடிந்தது. ஆனால் இரு நிறுவனங்கள் ஒன்றாகும்போது யார் சீனியர் என்ற கேள்வி அந்த ஒரு இணைப்போடு தீர்ந்துவிடுவதல்ல.

பணிமூப்பு என்றால் பஸ் கண்டக்டருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் தெரியும். பதவி உயர்வு எப்போது என்பதை அது சொல்லும். விமானத்தில் அதன் கை இன்னும் நீளம். கேபினுக்கு யார் தலைமை என்பதில் அதற்குப் பங்கு உண்டு. பல நிறுவனங்களில் சம்பளத்தின் ஒரு பகுதி பறக்கும் மணிக்கணக்கைப் பொறுத்தது. எனவே எந்த ரூட், எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று சொல்லும் ரோஸ்டர்தான் பாதிச் சம்பளச் சீட்டு. அமெரிக்காவில் இது அப்பட்டமாகவே நடக்கிறது. மாதா மாதம் ஊழியர்கள் தங்களுக்கு வேண்டிய பயணங்களைக் கேட்டு எழுதிக் கொடுக்க, மூத்தவர் முதலில் எடுத்துக்கொள்கிறார். மிஞ்சியது இளையவருக்கு. பண்டிகை நாளில் போன் அடிக்குமா என்று யூனிஃபார்மோடு காத்திருப்பவர் பெரும்பாலும் புதியவர்தான்.

இது நியாயமா? இளையவர்களின் எரிச்சலில் அர்த்தம் இருக்கிறது. அதே வேலை, அதே ஆபத்து. முன்னால் வந்தவர் என்ற ஒரே தகுதி போதுமா? திறமையைப் பார்த்துக் கொடுங்கள் என்கிறார்கள். ஆனால் கேபினில் திறமையை எதை வைத்து அளப்பது? இந்தத் தொழிலின் சரித்திரத்தில் அளவுகோல் பெரும்பாலும் மேலதிகாரியின் கண்ணாகவே இருந்திருக்கிறது. வயது, தோற்றம், இடுப்பளவு. எடை கூடியதால் பறக்க அனுமதிக்கப்படாத பணிப்பெண்கள் டெல்லி உயர் நீதிமன்றத்திற்குப் போனார்கள். 2008இல் அவர்கள் மனு தள்ளுபடியானது. இப்படிப்பட்ட இடத்தில், யாருக்கும் முகம் பார்க்காத ஒரே அளவுகோல் வேலையில் சேர்ந்த தேதிதான். பணிமூப்பை ஊழியர்கள் விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

தேதி பாரபட்சம் பார்க்காது. தேதியை எண்ணுகிறவர்கள் பார்ப்பார்கள்.

இரண்டு ஏணிகள்

ஏர் இந்தியாவின் கதை இதற்குச் சாட்சி. அங்கே ஒரே விமானத்தில் ஒரே டிராலியைத் தள்ளிய ஆணும் பெண்ணும் வேறு வேறு ஏணியில் நின்றார்கள். ஆணுக்கு ஓய்வு வயது 58. பெண்ணுக்கு 35. நிர்வாக இயக்குநர் மனது வைத்தால் 45 வரை நீளும். வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும். முதல் கர்ப்பத்திலும் போகும்.

நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஃபசல் அலி எழுதிய அந்தத் தீர்ப்பை வழங்கிய மூவர் அமர்வில் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வரதராஜனும் இருந்தார். கர்ப்ப விதியும், நிர்வாக இயக்குநரின் தன்னிச்சையான அதிகாரமும் செல்லாது என்றானது. ஆனால் நான்கு ஆண்டுக் கல்யாணத் தடை தப்பித்தது. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பிரிவினர், எனவே ஒப்பிட முடியாது என்ற வாதமும் ஏற்கப்பட்டது.

அதன் பலன் நீண்ட காலம் நீடித்தது. விமானத்தில் மேற்பார்வையாளர் பொறுப்பு ஆண்களுக்கே என்றிருந்தது. ஒரு பெண் எத்தனை ஆண்டு பறந்திருந்தாலும், தன்னைவிட சர்வீஸ் குறைந்த ஆணின் கீழ் வேலை செய்ய நேரும். 2005 டிசம்பர் 27 அன்று ஏர் இந்தியா அந்தப் பொறுப்பைப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. ஆண் ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தப்படி அது தங்கள் பதவி உயர்வுக்கான இடம் என்பது அவர்கள் வாதம். 2007இல் டெல்லி உயர் நீதிமன்றமும், 2011 நவம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை.

ஆண்கள் கேட்டதும் பணிமூப்பின் பெயரில்தான். பெண்கள் கேட்டதும் பணிமூப்பின் பெயரில்தான். ஒரு பட்டியலா இரண்டு பட்டியலா என்பதில்தான் நியாயம் சிக்கிக்கொண்டிருந்தது.

பூஜ்யத்திலிருந்து மறுபடியும்

தனியார் நிறுவனங்கள் வந்தபின் சிக்கல் வேறு ரூபம் எடுத்தது. அதைப் பெங்களூரைப் போல் கண்ட நகரம் குறைவு. 2003இல் ஏர் டெக்கான் இங்கிருந்து பறக்கத் தொடங்கியது. 2005இல் கிங்ஃபிஷர் வந்தது. 2008இல் இரண்டும் ஒன்றாயின. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் தரையிறங்கியது, பிறகு எழவே இல்லை. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2003இல் 21 வயதில் ஏர் டெக்கானில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2012இல் ஒன்பது ஆண்டு சர்வீஸ். வேறு நிறுவனத்தில் வேலை கிடைத்தாலும் அந்த ஒன்பது ஆண்டும் அங்கே சீனியாரிட்டியாகாது. அனுபவம் என்று பாராட்டுவார்கள். பட்டியலில் மட்டும், 21 வயதில் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கு அடுத்த வரிசை. வங்கியில் போட்ட பணத்தை இன்னொரு வங்கிக்கு மாற்றலாம். உழைப்பில் போட்ட ஆண்டுகளுக்கு அந்த வசதி இல்லை.

நிறுவனம் மூடப்பட்டால் விதி என்று விடலாம். இணைக்கப்பட்டால்? 2001இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டிடபிள்யூஏவின் சுமார் 4,000 கேபின் ஊழியர்கள் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டனர். ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் இருப்பவர் முதலில் போகவேண்டும் என்பது விதி. 2003 ஜூலைக்குள் அத்தனை பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பல்லாண்டு பறந்தவர்களும் அதில் அடக்கம். அந்த அநியாயத்தின் விளைவாக 2007 டிசம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. விமான நிறுவனங்கள் இணைந்தால் இரு பட்டியல்களையும் நியாயமாகக் கோக்க வேண்டும். உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போகவேண்டும்.

இந்தியாவில் விமான ஊழியர்களுக்கென்று அப்படி ஒரு சட்டம் இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டமும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தைப் பிடித்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் ஓரளவு காப்பு தருகின்றன. நிர்வாகம் கைமாறினால் சர்வீஸ் அறுபடக்கூடாது, நிபந்தனைகள் மோசமாகக் கூடாது. இல்லாவிட்டால் நஷ்டஈடு. ஆனால் இரு நிறுவன ஊழியர்களில் யார் முன், யார் பின் என்பதை எப்படித் தீர்மானிப்பது என்று அவை வழிகாட்டவில்லை. குறித்த கால ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் வழக்கம் சேர்ந்துகொண்டால், கணக்கு ஒவ்வொரு ஒப்பந்தத்தோடும் தள்ளாடுகிறது.

இதற்குப் பெரிய மாயம் தேவையில்லை. அரசு அலுவலகங்களில் பணிமூப்புப் பட்டியல் வரைவாக வெளியாகும், ஆட்சேபம் கேட்கப்படும், பிறகே இறுதியாகும். தன் பெயர் எங்கே, ஏன் என்று கடைநிலை ஊழியருக்கும் தெரியும். அதே முறை விமான நிறுவன இணைப்புக்கும் பொருந்தும். இணைப்புக்கு முன்பே பட்டியல் வெளியாக வேண்டும். முதலில் சேர்ந்த தேதி எண்ணப்பட வேண்டும். பிரசவத்திற்காகப் பறக்காத மாதங்கள் கழிக்கப்படக் கூடாது. தகராறைத் தீர்க்க இரு தரப்பும் ஏற்கும் ஒரு நடுவர் வேண்டும். இளையவர்களுக்காக, பண்டிகை விடுமுறையையாவது சுழற்சி முறையில் பங்கிடலாம். மூத்தவருக்கு அதனால் பதவி போய்விடாது.

விமானக் கம்பெனிகளின் பெயரும் வண்ணமும் இன்னும் மாறும். கைமாறும்போது விமானங்களின் வயதைச் சரியாகக் கணக்கிட்டு விலை பேசுகிறார்கள். அதில் பறந்தவர்களின் சர்வீஸைக் கணக்கிடுவது அதைவிடக் கடினமான வேலை இல்லை.