உஷார்! ‘ராத்திரிக்குள்ள காலி பண்ணு’ என்று சொல்ல ஓனருக்கும் அதிகாரமில்லை, போலீசுக்கும் இல்லை

பாலியல் தொழில் செய்யும் பெண் வீட்டை இழக்க நீதிமன்ற உத்தரவு எதுவும் தேவைப்படுவதில்லை. தெருமுனையில் போலீஸ் ஜீப் ஒன்று நின்றாலே போதும். அக்கம்பக்கம் முணுமுணுக்கும், ஹவுஸ் ஓனருக்கு போன் போகும், பொழுது சாய்வதற்குள் “சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு” என்பார்கள். கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வராது. எதிர்த்துக் கேட்டால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவரும் வாயை மூடிக்கொண்டு மூட்டை கட்டுவார். அந்தப் பயத்தை வைத்துத்தான் இல்லாத அதிகாரத்தை எல்லோரும் அவர்மீது செலுத்துகிறார்கள்.

தமிழகத்தில் மும்பையின் காமாத்திபுரா போலவோ கொல்கத்தாவின் சோனாகாச்சி போலவோ இந்தத் தொழிலுக்கென்று தனிப் பகுதி கிடையாது. இந்தப் பெண்கள் நம் தெருக்களில்தான், நம்மைப் போலவே வாடகைக்கு இருக்கிறார்கள். பலர் செய்யும் தொழில் சொந்த வீட்டாருக்கே தெரியாது. ஒரு பகுதியையே இடித்தால் செய்தியாகும். ஒவ்வொருவராக வெளியே தள்ளப்படும்போது எந்தக் கணக்கிலும் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் இந்தத் தொழில் செய்வதையே குற்றம் என்று சொல்லவில்லை. விபசார விடுதி நடத்துவது, அதற்குத் தெரிந்தே இடம் கொடுப்பது, பொது இடத்துக்கு அருகில் தொழில் செய்வது, ஆள் அழைப்பது போன்றவைதான் குற்றம். வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டுப் பிள்ளைகளோடு வந்து படுக்கும் வீடு விடுதி ஆகாது. இதை ஓனர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இதே சட்டத்தில் கண்ணிகளும் இருக்கின்றன. இரண்டு பெண்கள் ஒரே அறையில் தொழில் செய்து, அதனால் இருவருக்கும் ஆதாயம் என்றால் அது ‘விடுதி’. பாதுகாப்புக்காகவும் வாடகையைப் பகிர்ந்துகொள்ளவும் துணை சேர்வதே அவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது. ஒரு பெண்ணின் தொழில் சம்பாத்தியத்தில் தெரிந்தே வாழ்ந்தால், 18 வயது கடந்த மகன்மீதும் வயதான தாய்மீதும்கூட 4-ஆம் பிரிவு பாயலாம்.

அடுத்தது 18-ஆம் பிரிவு. கோயில், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் விடுதி நடப்பதாகத் தகவல் வந்தால், காலி செய்ய உத்தரவிடும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. அதற்கும் முறை இருக்கிறது. முதலில் நோட்டீஸ் வர வேண்டும். பதில் சொல்ல 7 நாள் தர வேண்டும். விசாரித்து உத்தரவு போட்ட பிறகும் வெளியேற 7 நாள் அவகாசம் உண்டு. வழக்கில் தண்டனை கிடைத்துவிட்டால் மட்டும் நீதிமன்றம் தனி நோட்டீஸ் இல்லாமலே உத்தரவிடலாம்.

இங்கேதான் மிகவும் உஷாராக இருக்க வேண்டும். அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, தடையும் வாங்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே நோட்டீஸ் வந்ததும் கிடைக்கும் அந்த 7 நாள்தான் வாய்ப்பு. வெட்கப்பட்டு நோட்டீஸை ஒளித்து வைத்தால் எல்லாம் கைமீறிப் போகும்.

ஒரு செய்தியால் போகும் வீடு

பத்திரிகை நண்பர்களே, இது உங்களுக்கு. ரெய்டில் ஒரு வீடு பிடிபட்டதாக அந்த வட்டாரத்தில் விற்கும் பத்திரிகையில் செய்தி வந்தால், ஓனருக்கு விஷயம் தெரிந்திருந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிப்பது ஓனர் பொறுப்பு. தெரிந்தே இடம் கொடுத்தவருக்கு முதல் முறை 2 ஆண்டு வரை சிறை. வாடகைக்கு விட்டவர் பதறியடித்து எல்லோரையும் வெளியேற்றுவது இதனால்தான். அந்தப் பெண்ணின் முகமும் தெருப் பெயரும் அச்சில் வந்துவிட்டால், அந்த ஊரில் வேறு எவரும் அவருக்கு வீடு தரமாட்டார்கள். கைதானவரோ மீட்கப்பட்டவரோ, அவர்களின் அடையாளத்தையும் படத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்பதை 2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது.

வீடு போனால் என்ன ஆகும்?

கோவாவில் வாஸ்கோ அருகே பைனா கடற்கரையில் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் வாழ்ந்த குடியிருப்பை 2004 ஜூனில், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் இடித்தார்கள். தொழில் ஒழியவில்லை. லாட்ஜ்களுக்கும் பார்களுக்கும் தெருவுக்கும் சிதறிப்போனது. ஆணுறையும் சிகிச்சையும் கொண்டுபோன சுகாதாரப் பணியாளர்களால் அந்தப் பெண்களைத் தேடிப் பிடிக்க முடியவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். வங்கதேசத்தின் நாராயண்கஞ்சில் டான்பஜார் பகுதிப் பெண்களை 1999 ஜூலையில் போலீஸ் அப்புறப்படுத்தியது. பலரை ஆதரவற்றோர் இல்லங்களில் அடைத்தது. அது சட்டவிரோதம் என்று 2000-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண்கள் சிதறிப்போயிருந்தார்கள்.

வீடில்லாத பெண் தினமும் லாட்ஜ் வாடகை கட்ட வேண்டும். அதற்காக வேண்டாத வாடிக்கையாளரையும் ஏற்க வேண்டும், ஆணுறை மறுப்பவனிடமும் பேசாமல் இருக்க வேண்டும். தங்க இடம் தருகிறேன் என்று வரும் புரோக்கர் கணக்கு நோட்டோடுதான் வருவான். அந்தக் கடன் அடையவே அடையாது. தொழிலை விட நினைப்பவருக்கும் முதலில் வேண்டியது பூட்டிக்கொள்ள ஒரு கதவு.

இதையெல்லாம் சொல்லி வையுங்கள்

● வாடகையை வங்கி மூலமோ போன் மூலமோ கட்டுங்கள். ரொக்கம் என்றால் ரசீது கேளுங்கள். நீங்கள் அங்கே குடியிருப்பதற்கு அதுதான் சாட்சி.

● ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அசலை வட்டிக்காரரிடமோ புரோக்கரிடமோ அடகு வைக்காதீர்கள்.

● முகவரிச் சான்று இல்லையா? மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் அதிகாரி தரும் சான்றை வைத்தே ஆதார் பெறலாம். இதுவும் அதே 2022 உத்தரவு. கார்டில் உங்கள் தொழிலைக் காட்டும் குறியீடு எதுவும் இருக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது.

● காலி செய்யச் சொன்னால், “நீதிமன்ற உத்தரவு எங்கே? பேப்பரைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். ஓனர் தானாகச் சாமானைத் தூக்கி வெளியே எறிய முடியாது. கரண்ட், தண்ணீரை நிறுத்துவதையும் தமிழகத்தின் 2017 வாடகைச் சட்டம் தடுக்கிறது.

● பூட்டை உடைத்து வெளியே தள்ளிவிட்டார்களா? வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வீட்டைத் திரும்பக் கேட்டு சிவில் வழக்குப் போடலாம். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், பிரிவு 6.

● இலவச வக்கீலுக்கு 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் உதவி உண்டு. அடிதடி என்றால் 181 அல்லது 112.

தெருவில் குடியிருக்கும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஓனரிடம் மொட்டைப் புகார் சொல்வதற்கு முன் யோசியுங்கள். அந்த ஒரு போனால் ஒரு குழந்தையின் பள்ளிக்கூடம் பாதி வருஷத்தில் நின்றுபோகலாம். சிறுமியோ, அடைத்து வைக்கப்பட்ட பெண்ணோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால் தயங்காமல் 1098-க்கோ 181-க்கோ சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், வாடகை கட்டி வாழும் ஒரு பெண்ணை வெளியேற்ற வேண்டுமா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அந்த வேலையைத் தெரு எடுத்துக்கொள்ளக் கூடாது. 15100 என்ற எண்ணை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு இன்றே அனுப்புங்கள். நோட்டீஸ் வந்த பிறகு கையில் இருப்பது 7 நாள் மட்டுமே.