கண் தெரியாத பிள்ளைக்குக் கணினி எதற்கு?

விழிப்புலன் இல்லாத பிள்ளையைப் பெற்ற தாய்மாரிடம் அயலவர்களும் உறவினர்களும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. கேட்பவர் கெட்டவர் அல்லர். கணினி என்றால் திரை, திரை என்றால் பார்வை, பார்வை இல்லாதவருக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் போடும் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது? யாழ்ப்பாணக் குடாநாட்டை மனத்தில் வைத்துச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

விழிப்புலனற்றோர் கல்வி குடாநாட்டுக்குப் புதியதல்ல. கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956 இல் தொடங்கப்பட்டது. சுன்னாகத்தில் அன்னலட்சுமி சின்னத்தம்பி 1988 இல் ஆரம்பித்த வாழ்வகம் பல பிள்ளைகளுக்கு வீடாகவும் பள்ளிக்குப் போகும் வழியாகவும் இருந்து வருகிறது. பிறெயில் புள்ளிகளை விரலால் தடவிப் படித்துப் பட்டதாரிகளானவர்கள், ஆசிரியர்களானவர்கள் இம்மண்ணில் உண்டு. ஆனால் அவர்கள் போன பாதை பெரும்பாலும் கலைப்பாடங்களும் சங்கீதமும் ஆசிரியத் தொழிலும்தான். கணினியின் கதவு அவர்களுக்குத் தாமதமாகவே திறந்தது.

காரணம் அவர்களுடைய கண்ணல்ல, காலம். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்த அமெரிக்கர் டெட் ஹென்டர் 1978 இல் ஒரு கார் விபத்தில் பார்வையை இழந்தார். அதன் பிறகு கணினி படித்தார். அவருடைய நிறுவனம் 1989 இல் 'ஜோஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. திரையில் இருப்பதைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் அது. இதைத்தான் திரைவாசிப்பான் என்கிறோம். விண்டோஸ் கணினிக்கான ஜோஸ் 1995 இல் வந்தது. அதே 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் தென்மராட்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். தேசிய மின்சாரம் 1990 இலேயே அறுந்து போயிருந்தது. பார்வையுள்ள பிள்ளைகளே போத்தல் விளக்கில் படித்த காலத்தில், பார்வையற்ற பிள்ளைக்குக் கணினி எங்கிருந்து கிடைக்கும்?

காதுக்கு வரும் திரை

இன்று நிலைமை வேறு. மின்சாரம் இருக்கிறது. கைப்பேசி இல்லாத வீடு அரிது. பல நூறு டொலர் கொடுத்து வாங்கவேண்டிய ஜோஸுக்குப் பதிலாக இலவசமான 'என்விடிஏ' இருக்கிறது. 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் இதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற நண்பர் அவருடன் சேர்ந்துகொண்டார். அவருக்கும் பார்வை இல்லை. தமிழை வாசிக்கும் குரலும் இதில் உண்டு. இயந்திரக் குரல்தான். ஆனாலும் சில நாட்களில் காது பழகிவிடும்.

இதைப் பயன்படுத்துபவருக்கு மவுஸ் தேவையில்லை. எல்லா வேலையும் விசைப்பலகையில்தான். அம்புக்குறி விசையை அழுத்தினால் வரிவரியாகவோ எழுத்தெழுத்தாகவோ வாசிக்கும். டேப் விசையை அழுத்தினால் ஒரு பொத்தானிலிருந்து அடுத்த பொத்தானுக்குப் போகும். நன்கு பழகியவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காத வேகத்தில் கேட்டுக்கொண்டு போவார்கள்.

சரி, கடிதம் எழுதலாம், செய்தி வாசிக்கலாம். நிரல் எழுத முடியுமா?

நிரல் என்பது கணினிக்கு நாம் கொடுக்கும் கட்டளைகளின் வரிசை. அது படமல்ல, எழுத்து. எழுத்தாக இருப்பதெல்லாம் காதுக்கும் வரும். வேறுபாடு ஒன்றுதான். கதை வாசிக்கும்போது அடைப்புக்குறி, மேற்கோள்குறி எல்லாவற்றையும் சொன்னால் எரிச்சலாக இருக்கும். நிரலிலோ ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் வேலை நின்றுவிடும். எனவே கற்கத் தொடங்கும் முதல் நாளே எல்லாக் குறிகளையும் வாசிக்கும்படி திரைவாசிப்பானில் மாற்றிவிட வேண்டும்.

நமது உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வரும் பைதன் மொழிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு கட்டளைக்குள் அடங்கும் வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுத வேண்டும். பார்ப்பவர் அந்த இடைவெளியை ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். கேட்பவர் எப்படி அறிவார்? என்விடிஏயில் அதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வரி எத்தனை இடம் உள்ளே தள்ளியிருக்கிறது என்று வாயால் சொல்லும், அல்லது ஒரு சுருதியாக ஒலிக்கும். உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். சங்கீதம் பழகிய பிள்ளைக்கு இது பெரிய பாடமா?

பிழை வந்தால் எந்த வரியில் வந்தது என்று கணினியே இலக்கத்துடன் எழுத்தில் சொல்லும். நேரே அந்த வரிக்குப் போய்த் திருத்தலாம். ஒரு நிரலின் நடையைத் தலைக்குள் வைத்துக்கொள்ளும் பயிற்சிதான் கடினம். அது பார்வையுள்ள மாணவருக்கும் கடினமானதே.

தடை எங்கே இருக்கிறது?

தடைகளில் பெரும்பாலானவை பார்க்கத் தெரிந்தவர்களாகிய நாம் வைத்தவை. முதலாவது, பாமினி எழுத்துரு. நமது பகுதியில் திருமண அழைப்பிதழ் முதல் வகுப்புக் குறிப்பு வரை பாமினியில் அடித்துப் பழகிவிட்டோம். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்குள்ளோ அது ஆங்கிலக் குறிகளாக இருக்கிறது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். ஆசிரியர் அன்போடு அனுப்பிய குறிப்பில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்லும் கிடைக்காது. யுனிகோட் முறையில் அடித்தால் ஒவ்வோர் எழுத்தும் தமிழாகவே கேட்கும். பழைய பாமினிக் குறிப்புகளை மாற்றித் தரும் இலவசக் கருவிகளும் உண்டு. ஆசிரியருக்கு ஐந்து நிமிட வேலை, மாணவருக்கு ஒரு வருடப் படிப்பு.

இரண்டாவது, படங்கள். பாய்ச்சற்கோட்டுப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, "இதிலிருந்து இங்கே போகிறது" என்று விரலால் காட்டினால் பின்வரிசையில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? "ஆம் என்றால் மூன்றாம் படிக்கு, இல்லை என்றால் ஐந்தாம் படிக்கு" என்று வாயால் சொன்னால் போதும். வீட்டில் தடித்த மட்டையில் பெட்டிகளை வெட்டி ஒட்டி, ஈர்க்குகளை அம்புகளாக வைத்துக் கொடுத்தால் விரலே பார்த்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வண்ணக் கட்டங்களை மவுஸால் இழுத்துவைத்து நிரல் பழக்குவார்கள். அது இவர்களுக்குச் சரிவராது. நேரே எழுத்தில் தொடங்கிவிட வேண்டும்.

வாசித்துக் காட்டிய வீடு

புனேயில் வளர்ந்த டி. வி. ராமனுக்குப் பதினான்கு வயதில் பார்வை போயிற்று. அவருடைய பாடப்புத்தகங்களைச் சகோதரர் உள்ளிட்ட வீட்டார் உரக்க வாசித்துக் காட்டினார்கள். கணிதம் படித்து முடித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் கணினி படித்தார். 1994 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணித நூல்களின் சமன்பாடுகளைக் காதுக்கு விளங்கும்படி வாசிக்கும் நிரலே அவருடைய ஆய்வு. வழிகாட்டி நாயான ஆஸ்டரின் பெயரையே அதற்குச் சூட்டினார். நிரல் எழுதுவோர் தம் வேலையைக் காதால் கேட்டே செய்வதற்கு 'ஈமக்ஸ்பீக்' என்ற மென்பொருளையும் எழுதினார். 2005 இல் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அவர் அறிவாளி என்பது உண்மை. ஆனால் வீட்டார் புத்தகத்தைத் திறக்காதிருந்தால் அந்த அறிவு எந்த மூலையில் கிடந்திருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரச சேவையில் மூன்று சதவீத இடங்களை உடற்குறையுள்ளோருக்கு ஒதுக்கும்படி இலங்கையில் 1988 இல் சுற்றறிக்கை வந்தது. 1996 இல் அவர்களுடைய உரிமைகளைக் காக்கும் 28 ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. கையில் ஒரு தொழிலும் இருக்க வேண்டாமா? நிரல் எழுதும் வேலைக்குக் குண்டும் குழியுமான வீதியைக் கடந்து தினமும் பஸ் ஏறத் தேவையில்லை. வீட்டிலிருந்தே செய்து சம்பாதிக்கலாம். நமக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார் என்று இரவில் உறக்கமில்லாமல் கிடக்கும் பெற்றோருக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆகவே பெற்றோரே, பழைய கணினியானாலும் ஒன்றைத் தேடி, அதில் என்விடிஏயை ஏற்றிக் கொடுங்கள். முதல் மாதம் பக்கத்தில் இருங்கள். பிள்ளை தடுமாறும்போது விசையை நீங்கள் அழுத்தாதீர்கள். எந்த விசை என்று மட்டும் சொல்லுங்கள். ஆசிரியர்களே, உங்கள் குறிப்புகளை யுனிகோட்டில் அடித்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த என்விடிஏ பெரும்பாலும் பைதன் மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதன் நிரல் எவரும் திறந்து வாசிக்கக்கூடியது. சுன்னாகத்திலோ கைதடியிலோ பைதன் கற்கும் ஒரு பிள்ளை, தனக்குத் திரையை வாசித்துத் தரும் குரல் எப்படி இயங்குகிறது என்பதைத் தானே திறந்து படிக்கலாம். பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம்.

கண் தெரியாத பிள்ளைக்குக் கணினி எதற்கு என்று இனி யாராவது கேட்டால், தாய்மார் பதில் தேட வேண்டியதில்லை. பிள்ளையே சொல்லும்.